ஆறு வண்டிக்கு எதற்கு டி.எம்.எஸ்.?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடும்பத் தொழில். மண்டபம், பாம்பன், ஏர்வாடிக் கரைகளில் நண்டு, கணவாய், இறால் எடுத்து தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் பிளாண்டுகளுக்கு அனுப்புகிறார்கள். அதோடு அவருடைய மாமா சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலங் கரியும், சீசனில் முண்டு மிளகாய் வற்றலும் பிடித்து வெளியூருக்கு ஏற்றுகிறார். சொந்த வண்டி ஆறு, தேவைக்கு வெளி லாரி. சென்னையிலிருந்து வந்த ஒருவர், "டி.எம்.எஸ். போடுங்கள், லாரிச் செலவு குறையும்" என்று இரண்டு மணி நேரம் படம் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். மாமாவோ, "லாரியை டிரைவர் ஓட்டுகிறான், இதில் கம்ப்யூட்டர் எதை ஓட்டும்?" என்கிறாராம். இந்தப் போக்குவரத்து மேலாண்மை மென்பொருள் நிஜமாக என்ன செய்யும், நமக்கு அது வேண்டுமா என்பது தம்பியின் கேள்வி.

மாமா கேட்டது நல்ல கேள்வி. நான் ராமநாதபுரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக ஆரம்பித்தவன். பிறகு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் டிரான்ஸ்போர்ட் பிரிவைப் பார்த்தேன். அங்கேதான் இந்த மென்பொருளைப் போட்டோம், அதோடு மல்லுக்கட்டினோம், அப்புறம் பழகினோம். அதனால் விற்கிறவர் சொல்கிற வரிசையை விட்டுவிட்டு, பணம் எங்கே ஒழுகுகிறதோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

முதல் ஒழுகல், நிற்கிற நேரம். மண்டபத்தில் ஒரு கம்பெனிக் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவரைக் காலை 4 மணிக்கு வரச் சொல்லியிருப்பீர்கள். படகு கரைக்கு வர 6 ஆகும். ஏலம் முடிந்து, தரம் பிரித்து, எடை போட்டு, ஐஸ் அடித்து, தெர்மாகோல் பெட்டிக்கு டேப் சுற்றி முடிக்க 9. கணக்குப்பிள்ளை நோட்டில் "காலை வண்டி, 84 பெட்டி" என்று ஒரே வரி எழுதுவார். தூத்துக்குடியில் பிளாண்ட் கேட்டுக்கு வெளியே வண்டி மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கும்; அது எந்த நோட்டிலும் ஏறாது. மாதக் கடைசியில் வெளி லாரிக்காரர் ஹால்டிங், அதாவது வண்டி நின்றதற்கான கூலி, கேட்பார். "அவ்வளவு நேரமெல்லாம் நிற்கலையே" என்பீர்கள். அவர் சத்தியம் பண்ணுவார். கடைசியில் பாதிக்கு ஒத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் பிரிவீர்கள். அந்தப் பாதிக்கு யாரிடமும் கணக்கு இருக்காது.

டி.எம்.எஸ். இங்கே செய்கிற வேலை ரொம்பச் சாதாரணமானது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு எண் கொடுத்து, அதன் கீழ் நேரங்களைக் குறிக்கும். வண்டி கேட்டுக்குள் வந்தது எப்போது, ஏற்றத் தொடங்கியது எப்போது, முடித்தது, வெளியேறியது, போய்ச் சேர்ந்தது, இறக்கி முடித்தது எப்போது என்று ஒவ்வொன்றும் பதிவாகும். கேட் வாட்ச்மேன் போனில் தட்டலாம். இல்லையென்றால் வரைபடத்தில் பிளாண்டைச் சுற்றி ஒரு கோடு வரைந்து வைத்துவிட்டால், ஜி.பி.எஸ். உள்ள வண்டி அந்தக் கோட்டைத் தாண்டுகிற நேரம் தானாகவே பதிவாகிவிடும்.

நான் வேலை பார்த்த இடத்தில் இதைப் போட்ட முதல் மாதம், தாமதத்துக்கெல்லாம் டிரைவர்கள்தான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பதிவைப் பிரித்துப் பார்த்தால், அதிக நேரம் போனது எங்கள் சொந்த எடை மேடையில். காலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும். போகிறவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவார், வருகிறவர் டீ குடித்துவிட்டு வருவார், அதற்குள் ஐந்து வண்டி சேர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேவையா என்றால், தேவையில்லை. ஆனால் அதற்கு முந்தைய பல வருடங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது ஒழுகல், காலியாகத் திரும்புவது. நம் கரையிலிருந்து சரக்கு போகிற அளவுக்குத் திரும்பி வருவதில்லை. அதிலும் மீன் வண்டிக்கு வாடை ஒரு தடை. கணவாய் ஏற்றிய வண்டியில் வற்றலை ஏற்றினால் மாமா உங்களை வீட்டுக்குள் விடமாட்டார். உப்பு ஏற்றிய வண்டியின் இரும்பை உப்பு தின்றிருக்கும், அதில் அட்டைப்பெட்டிச் சரக்கை ஏற்ற யோசிப்பார்கள். இந்தச் சேரும் சேராதது எல்லாம் புக்கிங் ஆபீஸ் அண்ணன் தலைக்குள் இருக்கிற சட்டம். அதை ஒருமுறை மென்பொருளில் எழுதி வைத்துவிட்டால், எந்த வண்டிக்கு எந்தத் திரும்பும் லோடு பொருந்தும் என்று அது வடிகட்டிக் காட்டும். தூத்துக்குடியிலோ மதுரையிலோ உங்கள் வண்டி எத்தனை மணிக்குக் காலியாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ரிட்டர்ன் லோடு பேச முடியும். இறக்கி முடித்த பிறகு போன் போட்டுத் தேடினால், கிடைத்த வாடகைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

அடுத்தது ஏற்றுகிற கணக்கு. இதற்கு நம் ஊரை விட நல்ல பாடம் கிடையாது. வாலிநோக்கம் உப்பையும் சீமைக்கருவேலங் கரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கன மீட்டர் உப்பு ஒரு டன்னுக்கு மேல் இழுக்கும். அதே இடத்தில் கரி கால் டன் தேறினால் பெரிது. உப்பு லாரியில் பாடி பாதிகூட நிரம்பாது, எடை முடிந்துவிடும். கரி லாரியில் மூட்டை வானத்தைத் தொடும், எடை மிச்சமிருக்கும். டன் கணக்கில் வாடகை பேசிக் கரி ஏற்றினால் லாரிக்காரர் முகம் சுளிப்பது அதனால்தான். அவருக்கு இடம் போய்விடுகிறது. மென்பொருளில் ஒவ்வொரு சரக்குக்கும் எடை, மூட்டையின் நீள அகல உயரம், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாமா கூடாதா என்று கொடுத்து வைத்தால், எந்த அளவு வண்டி கூப்பிட வேண்டும் என்று அது சொல்லும். ஓவர்லோடுக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் கூட என்றால் 26,000. அந்த ஒரு நடையின் லாபம் அங்கேயே போச்சு. கரிக்கு இன்னொரு எச்சரிக்கை: விறகை மூடி எரிக்கிற மூட்டத்திலிருந்து எடுத்துச் சரியாக ஆறாத கரி, மூட்டைக்குள் தானே சூடேறித் தீப்பிடிக்கும். மூட்டம் பிரித்து எத்தனை நாள் ஆனது என்று கேட்டு நிரப்பினால்தான் லோடு போடவே விடும் என்று ஒரு கட்டத்தை வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருந்தேன்.

பாதை போடுவதைத்தான் விற்கிறவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். இது பழைய கணக்கு. 1959-இல் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் என்ற இருவர், ஒரு கிடங்கிலிருந்து பல பெட்ரோல் பங்குகளுக்கு டேங்கர் லாரிகளை எப்படிப் பிரித்து அனுப்புவது என்று கேட்டு இதைத் தொடங்கி வைத்தார்கள். 10 இடத்துக்கு ஒரே வண்டி போக வேண்டும் என்றால் எந்த வரிசையில் போகலாம் என்பதற்கு 36,28,800 வழி இருக்கிறது. கையால் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க முடியாது, இடம் கூடிக்கொண்டே போனால் கம்ப்யூட்டராலும் முடியாது. 1964-இல் கிளார்க், ரைட் இருவரும் சொன்ன குறுக்குவழி இன்றும் பல மென்பொருள்களின் அடியில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. அது நமக்குப் புரிகிற விஷயம்தான். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை 17 கிலோமீட்டர், ஏர்வாடி 25, கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே 10 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் தனித்தனி வண்டி விட்டால் போக வர 84 கிலோமீட்டர். ஒரே வண்டி இரண்டையும் தொட்டு வந்தால் 52. மிச்சம் 32. இப்படி எந்த இரண்டு ஊரைச் சேர்த்தால் மிச்சம் அதிகமோ அதை முதலில் சேர்த்து, அடுத்ததை அடுத்துச் சேர்த்துக்கொண்டே போவது. வண்டி நிரம்பினால் நிறுத்து.

உங்கள் மீன் வண்டிக்கு இது பெரிதாக உதவாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் தூத்துக்குடி வரை ஒரே கோடு, இதில் என்ன பாதை போடுவது? பத்து கரையில் சரக்கு சேகரிக்கிற சின்ன வண்டிகளுக்கும், கடை கடையாகப் போடுகிற மளிகை, மருந்து, குளிர்பான வியாபாரத்துக்கும்தான் இது சோறு போடும். படம் காட்ட வந்தவர் இதைத்தான் அதிக நேரம் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். கலர் கலராகக் கோடு ஓடும், பார்க்க நன்றாக இருக்கும்.

அந்தக் கோடு போடுகிற இயந்திரத்துக்கு நம் ஊர்க் காலண்டர் தெரியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக்கு ராமேஸ்வரம் ரோடு எப்படி இருக்கும், பாம்பன் பாலத்தின் மேல் காரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களுக்கு நடுவே ஐஸ் வண்டி எப்படி ஊரும் என்பது நமக்குத் தெரியும். செப்டம்பர் 11 நினைவு நாளுக்குப் பரமக்குடியிலும், அக்டோபர் கடைசியில் குருபூஜைக்குக் கமுதி, பசும்பொன் பக்கமும் போலீஸ் வண்டிகளை மாற்றி விடும். ஏர்வாடி சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி நகரும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் மறுநாள் லோடு இல்லை என்று மண்டபத்துப் பையனுக்கும் தெரியும், மென்பொருளுக்கு யாராவது சொல்ல வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு தினமும் போவதில்லை. இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம் வேறு. இந்த நாட்களை எல்லாம் காலண்டரில் கையால் ஏற்ற வசதி உண்டா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். முழித்தால், அவர் பெருநகரக் கிடங்குகளுக்கு எழுதிய சாமானை அப்படியே உங்களிடம் தள்ளுகிறார் என்று அர்த்தம்.

காகிதத்துக்கு வருவோம். இதில் மென்பொருள் முதல் நாளிலிருந்தே பிரயோசனம். பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, சரக்கோடு போகிற மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டாம். வற்றலுக்கு 5 சதவீதம் உண்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், வெளி மாநிலத்துக்கு 50,000-க்கு மேல் வரியுள்ள சரக்கு போனால் இ-வே பில் போட்டாக வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு 500-க்குச் சற்று மேலே வருவதால் மூன்று நாள். வழியில் வண்டி ரிப்பேராகி வேறு வண்டிக்குச் சரக்கு மாற்றினால், பில்லின் இரண்டாம் பகுதியில் புது வண்டி எண்ணை ஏற்ற வேண்டும். காலம் முடிந்துவிட்டால் நீட்டிக்க, முடிகிற நேரத்துக்கு முன்னே 8 மணி, பின்னே 8 மணி, அவ்வளவுதான் வாய்ப்பு. ராத்திரி 2 மணிக்கு விழுப்புரம் தாண்டி நிற்கிற டிரைவர் போன் அடித்தால் யார் எழுந்து கம்ப்யூட்டரைத் திறப்பது? நல்ல டி.எம்.எஸ்., எல்.ஆர். என்கிற லாரி ரசீதைப் போடும்போதே அதே விவரத்தை இ-வே பில் தளத்துக்கு அனுப்பி எண்ணை வாங்கிவிடும். வண்டி இருக்கிற இடத்தைப் பார்த்து, காலம் முடியப்போகிறது என்று உங்கள் போனுக்கு முன்கூட்டியே தகவலும் தட்டும். ஒரே பெயரையும் எடையையும் பில்லில் ஒரு தடவை, எல்.ஆரில் ஒரு தடவை, தளத்தில் ஒரு தடவை தட்டி, மூன்றில் ஒன்றில் வண்டி எண் மாறி, செக்கிங்கில் மாட்டுவது இதனால் நின்றுபோகும்.

வெளி லாரி பிடிக்கும்போது இன்னொரு நன்மை. 2022 செப்டம்பரில் மத்திய அரசு யூலிப் என்றொரு பொதுத் தளத்தைத் தொடங்கியது. அதன் வழியாக வாகனப் பதிவு, ஃபாஸ்டேக் போன்ற அரசு விவரங்களை மென்பொருள்கள் கேட்டு வாங்கலாம். லாரி எண்ணைத் தட்டினால் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் எதற்கு நாள் முடிந்தது என்று ஏற்றுவதற்கு முன்பே தெரியும். ஜி.பி.எஸ். இல்லாத லாரியும் போகலூர் டோலைத் தாண்டினால் அந்தப் பதிவு கிடைக்கும்.

வெளி லாரி டிரைவரின் செல்போன் சிம்மை வைத்துப் பின்தொடர்கிற முறையும் உண்டு, அவர் சம்மதத்தோடு. டவரை வைத்துச் சொல்வதால் இடம் சற்று முன்பின்னாக இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வது நாம் பார்க்காததா. அங்கே சரக்கு எடுக்கப் போன வண்டியைத் திரையில் காணோம் என்று பதறாதீர்கள், ராமேஸ்வரத்துக்கு வந்ததும் தெரியும்.

குளிர் வண்டிக்கு வெப்பநிலைப் பதிவு சேர்ந்தால் விஷயம் வேறு. உறைந்த சரக்கு மைனஸ் 18-இல் போக வேண்டும். ஒருமுறை எங்கள் இறால் ஒரு பிளாண்டிலிருந்து திரும்பி வந்தது. பெட்டியின் ஓரத்தில் ஐஸ் உருகி மறுபடி உறைந்து கட்டியாகியிருந்தது. டிரைவர், "மெஷின் நிக்கவே இல்ல சார், நான்தான் கூடவே இருந்தேன்" என்றார். நாங்கள் நம்பினோம். பிறகு வண்டிக்குள் பதிவுக் கருவி வைத்தோம். அடுத்த வாரமே கோடு சொல்லிவிட்டது: இரவு 11 மணிக்கு மைனஸ் 18, 1 மணிக்கு மைனஸ் 12, 3 மணிக்கு மைனஸ் 7, விடியற்காலையில் மறுபடி செங்குத்தாக இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க ராத்திரியில் மெஷினை நிறுத்தி, பிளாண்டை நெருங்கும்போது போட்டிருக்கிறார்கள். வண்டி முதலாளிக்குத் தெரியாமலா என்று கேட்டால், அதை நான் சொல்ல விரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: மைனஸ் 15-க்கு மேல் ஏறினால் தகவல் எங்களுக்கும் போகும், வண்டி முதலாளிக்கும் போகும், வாடகையில் பிடிப்பும் உண்டு. திரும்பி வந்த சரக்கு அதோடு நின்றது.

வாடகைப் பில் சரிபார்ப்பை ஆரம்பத்தில் நான் சலிப்பான வேலை என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. பேசிய வாடகை, ஹால்டிங், ஏற்றுக்கூலி, டோல், டீசல் ஏற்றத்துக்கான கூடுதல் எல்லாம் ஒப்பந்தத்தில் ஒருமுறை ஏறிவிட்டால், லாரிக்காரர் அனுப்பும் பில்லை மென்பொருள் நடையோடு நடை ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் எடுத்துக் காட்டும். சரக்கு சேர்ந்ததற்குக் கையெழுத்திட்ட ரசீதை டிரைவர் அங்கேயே போனில் படமெடுத்து அனுப்பிவிடுவதால், பேலன்ஸ் பணத்துக்கு அவர் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஆபீசுக்கு அலைய வேண்டாம். இதில் லாரிக்காரருக்குத்தான் லாபம் அதிகம் என்பேன். பேலன்ஸை நாலு நாளில் தருகிற பார்ட்டிக்கு, ஜூன் மாத நெருக்கடியிலும் வண்டி கிடைக்கும்.

ஏற்றுமதிக்குக் கன்டெய்னராகப் போனால் லாரி, துறைமுகம், கப்பல் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கோக்கிற வசதியும் இதில் உண்டு. நமக்கு இது புதிதில்லை. 1914 முதல் 1964 புயல் வரை, சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்து தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போன போட் மெயில் நம் கரையில்தான் ஓடியது. அன்றைக்கு அது ஆளுக்கு, இன்றைக்குப் பெட்டிக்கு.

சரி, ஆறு வண்டிக்கு வேண்டுமா? எஸ்.ஏ.பி., ஆரக்கிள் மாதிரிப் பெரிய நிறுவனங்களின் சாமான் உங்களுக்கு வேண்டாம். அவை நாளைக்கு நூற்றுக்கணக்கில் லோடு போடுகிற சிமெண்ட், எஃகுக் கம்பெனிகளுக்கு. மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிற சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. சில வண்டிக்கு இவ்வளவு என்றும், சில நடைக்கு இவ்வளவு என்றும் வாங்கும். உங்களுக்கு நடைக் கணக்குதான் நல்லது. விசைப்படகு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் வருகிற அந்த இரண்டு மாதமும் முழுச் சந்தா எதற்குக் கட்ட வேண்டும்? சொந்த வண்டி மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் ஒரு ஜி.பி.எஸ். செயலியும் ஒழுங்கான எக்செல் தாளும் போதும் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் மீனும் கரியும் வற்றலும் சேர்த்து வெளி லாரியும் பிடிப்பதால், அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 40 பக்க நோட்டு ஒன்றைக் கேட்டில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மாதம் எல்லா நடைக்கும் வந்த நேரம், ஏற்றத் தொடங்கியது, முடித்தது, கிளம்பியது என்று நாலே நாலு நேரம் எழுதச் சொல்லுங்கள். அதைக்கூட உங்கள் ஆட்கள் எழுதவில்லையென்றால் மென்பொருளிலும் தட்டமாட்டார்கள், மாமா ஜெயித்தார் என்று விட்டுவிடலாம். எழுதினார்கள் என்றால், விற்கிறவரை அந்த நோட்டோடு உட்கார வைத்து, அவருடைய மாதிரிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, உங்கள் ஒரு மாத நடையை அவர் கையாலேயே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிரைவர் செயலி தமிழில் இருக்கிறதா, சிக்னல் இல்லாதபோது பதிந்து வைத்து அப்புறம் அனுப்புமா, நாளைக்கு விலகினால் நம் பதிவுகளை எடுத்துக்கொண்டு போகலாமா என்று இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதையெல்லாம் தடைக்காலத்துக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் 15 காலையில் கொட்டகையில் பெட்டி குவியத் தொடங்கினால், பாஸ்வேர்ட் என்ன என்று கேட்கக்கூட உங்களுக்கு ஆள் கிடைக்காது.